மைனா போட்டிருந்த பதக்கம்

கோயமுத்தூரில் மோட்டார் பட்டறை வைத்திருந்த எனக்கு, அரசு நாணயச்சாலையில் அடித்த பழைய வெள்ளிப் பதக்கங்களைச் சேர்ப்பதில் ஒரு பைத்தியம். தொண்ணூறுகளில் ஓர் ஆடி மாதம், அந்தியூர் குதிரைச் சந்தையில் நின்ற ஒரு வெள்ளைக் குதிரையின் கழுத்தில் அப்படியொன்று தொங்கியது. வெள்ளைக்காரர் காலத்தில் கால்நடைக் கண்காட்சிக்கென்று அடித்த பரிசு.

குதிரைக்காரரிடம் விலை கேட்டேன்.

"எங்கய்யன் வாங்குன பரிசுங்க. இப்ப எங்க குதிரை மைனாவோடது. விக்கறதுக்கில்லீங்க."

விலையை ஏற்றிக்கொண்டே போனேன். அவர் சிரித்தாரே தவிர மசியவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"கிட்ட வந்து பாக்கவாவது விடுவீங்களா?"

ஒரு துண்டு வெல்லத்தை என் கையில் வைத்தார். "அசலாள் கையில திங்காதுங்க. இருந்தாலும் குடுத்துப் பாருங்க."

மைனா முகர்ந்து பார்த்துவிட்டு, மெதுவாக உதட்டால் எடுத்துத் தின்றது. பிறகு என் உள்ளங்கையை நக்கியது. அந்தச் சூட்டில் பதக்கத்தைப் பார்க்கவே மறந்து போனேன். லென்ஸ் சட்டைப் பையிலேயே இருந்தது.

அடுத்த ஆடியில் அதே இடத்தில் அவர் மட்டும் நின்றிருந்தார்.

"உங்களத்தான் தேடிட்டு இருந்தனுங்க. மாசியில மைனா தவறிருச்சுங்க."

பதக்கத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் பணத்தை எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெல கேட்டவங்க நெறையப் பேருங்க. அது தின்னது உங்க கையில மட்டுந்தானுங்க."

என் அலமாரியில் இருக்கும் மற்ற பதக்கங்களையெல்லாம் நான் விலைக்கு வாங்கினேன். எனக்கென்று ஒருவர் கொடுத்த பதக்கம் இது ஒன்றுதான்.