நான் சொல்லாமல் விட்ட பூச்சி

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு பெப்ரவரி மாதக் காலையில், ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் நான் வேலை செய்யும் ஹோட்டல் சலவைக்கூடத்தில் இது தொடங்கியது. என்னோடு விரிப்பு மடித்தவர் பொலிவியா நாட்டுப் பெண்மணி, அப்போது அறுபத்து நான்கு வயது. பெரிய விரிப்பின் இரண்டு மூலைகளை அவர் பிடிப்பார், மற்ற இரண்டை நான். பதினொரு வருடமாக இப்படித்தான். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். அதன் பொருளைக் கேட்டறிந்த பிறகு வேறு எப்படியும் கூப்பிட அவர் விட்டதில்லை.

அன்று விரிப்பின் மறுமுனை திடீரென்று தொய்ந்தது. பார்த்தால் அக்கா தரையில் கிடந்தார். சில விநாடிகளில் கண் திறந்து, ஒன்றுமில்லை என்று எழுந்துவிட்டார். ஆனால் படியேறும்போது அவருக்கு மூச்சு வாங்குவதையும், மாலையில் சப்பாத்து இறுகும் அளவுக்குக் கால் வீங்குவதையும் நான் முன்பே கவனித்திருந்தேன். இதய மருத்துவரைப் பார்க்க டெர்மின் கேட்டு நாளும் நேரமும் பதிந்ததும் நான்தான், கூடப் போனதும் நான்தான். அக்காவின் ஜெர்மனில் பாதி ஸ்பானிஷ். என்னைத் தவிர வேறு யாருக்கும் எளிதில் விளங்காது. நானோ ஏழு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கேயே படித்தவள். எந்த அலுவலகத்திலும் யாருக்காகவும் பேசிவிடுவேன் என்ற நினைப்பு எனக்கு நிறையவே உண்டு.

மருத்துவர் இளம் பெண். ஈசிஜி, ஸ்கேன் எல்லாம் எடுத்தார். இதயம் பெருத்திருக்கிறது, துடிப்பு மிகவும் மெதுவாக இருக்கிறது, காரணம் பிடிபடவில்லை என்றார். குடும்பத்தில் யாருக்கும் இதய நோய் இருந்ததா, சிறுவயதில் ஏதாவது பெரிய நோய் வந்ததா என்று கேட்டார்.

அக்கா நெடுநேரம் பேசினார். வயலில் நின்றபடியே விழுந்து இறந்துபோன அண்ணன். அவர்கள் வாழ்ந்த மண்வீடு. தூங்கும்போது சுவர் வெடிப்பிலிருந்து இறங்கி வந்து முகத்தில் கடிக்கும் வின்சூக்கா என்ற பூச்சி. ஒரு கண் வீங்கி மூடிக் கிடந்த நாட்கள். நான் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். பூச்சியை விட்டுவிட்டேன். இதய மருத்துவரிடம் போய்ப் பூச்சிக் கதையா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது.

வெளியே வந்து கோட்டுப் போடும்போது அக்கா கேட்டார். அவருடைய ஜெர்மனை எங்கள் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்.

"பூச்சியைப் பற்றி நீ ஒண்டும் சொல்லேல்லை."

"நெஞ்சுக்கும் பூச்சிக்கும் என்ன சம்பந்தம், அக்கா?"

"எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. அவவுக்குத் தெரிஞ்சிருக்கலாம்."

கோபமாகச் சொல்லவில்லை. பொத்தானைப் பூட்டியபடியே சொன்னார். எனக்கு முகம் சுட்டது. திரும்பிப் போய், ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போய்விட்டது என்று வரவேற்பு மேசையில் சொன்னேன். அடுத்த நோயாளி உள்ளே இருந்தார். அவர் வெளியே வரும் வரை காத்திருந்தோம்.

உள்ளே போய் முதலில் அந்தப் பூச்சியின் பெயரைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த மருத்துவரின் கை நின்றது. என்னை விட்டுவிட்டு அக்காவின் பக்கம் நாற்காலியைத் திருப்பி, எந்த ஊர், எத்தனை வயது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இரத்தம் எடுத்து அனுப்பினார்கள். சாகஸ் நோய் என்று முடிவு வந்தது. அந்தப் பூச்சியின் எச்சத்தோடு உடம்புக்குள் போகும் கிருமி, பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் இருந்து இதயத் தசையைக் கெடுத்துவிடுமாம்.

மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. கெட்ட தசையைத் திருப்பிக் கொண்டுவர முடியாது, இந்த நிலையில் கிருமிக்கான மருந்தாலும் பெரிய பயன் இருக்காது, ஆனால் துடிப்பைக் காப்பாற்றலாம் என்றார். பேஸ்மேக்கர் வைத்தார்கள். மாத்திரையில் வீக்கம் வடிந்தது. பிறகு, பிள்ளைகள் இருக்கிறார்களா என்று மருத்துவர் கேட்டார். இந்தக் கிருமி தாயிடமிருந்து குழந்தைக்கும் போகுமாம். அக்காவின் ஒரே மகளுக்கு வயது முப்பத்தொன்று. அவரிடமும் கிருமி இருந்தது, ஆனால் இதயம் நன்றாக இருந்தது. இளவயதில் மருந்து நன்றாகக் கேட்கும் என்று இரண்டு மாதம் கொடுத்தார்கள். போன வருடம் அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தையையும் பரிசோதித்தார்கள், கிருமி இல்லை.

அக்கா இப்போது ஓய்வில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் பேத்தியின் வண்டியைத் தள்ளிக்கொண்டு பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றுகிறார். என்னிடம் வண்டியைத் தர மாட்டார்.

நான் இன்றைக்கும் பலருக்காகப் பேசப் போகிறேன், அதே துணிச்சலோடு. ஆனால் அவர்கள் சொல்வதில் எது தேவை, எது தேவையில்லை என்று பிரித்துப் பார்க்கும் வேலையை மட்டும் என் கையில் எடுப்பதே இல்லை.