கை கனக்காத ரீல்

ஒரு தூண்டில் ரீல் வாங்க வெங்கடாசலம் அண்ணன் ஐந்து வாரம் எடுத்துக்கொண்டார். என் கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட எங்கள் வீட்டில் இத்தனை அலைச்சல் இல்லை.

அவரும் நானும் மரக்காணத்தில் ஒரே உப்பளத்தில் வேலை. வீடும் பக்கத்துப் பக்கத்து வீடு. முப்பது வருஷம் உப்பு வாரியதில் அவருடைய வலது மணிக்கட்டு போய்விட்டது. மழை பிடித்து உப்பளம் மூடியதும் உப்பங்கழியில் தூண்டில் போடுவார். பாட்டிலில் சுற்றிய தங்கூசி நரம்பைக் கையால் இழுத்தால் மணிக்கட்டு தெறிக்கும். ஆகவே ரீல் வேண்டும், கனமில்லாததாக, விலையும் குறைவாக. புதுச்சேரியில் ஒரு தூண்டில் கடையைக் கண்டுபிடித்து, திங்கட்கிழமை தவறாமல் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

இரண்டு தடவை நானும் கூடப் போனேன். கடைக்காரர் சகாயராஜ் ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஒவ்வொரு ரீலாக அவர் கையில் கொடுப்பார்.

"இது ரெண்டாயிரம் சைஸ்ணே. கழிமீனுக்கு இது போதும். பெருசு வாங்கினா கைதான் வலிக்கும். பேரிங் பத்துன்னு போட்டிருந்தா மயங்காதீங்க, சுத்திப் பாருங்க, ஆடாம சுத்துதான்னு. கை எப்படி இருக்குதுண்ணே இப்ப?"

"கொஞ்சம் கனக்குதேப்பா" என்பார் அண்ணன். பேச்சு மீனுக்குப் போகும், மழைக்குப் போகும், டீ வரும். ரீல் மட்டும் வராது.

எனக்கு எரிச்சல்தான். பிறகுதான் புரிந்தது. சின்னப்பாப்பா அண்ணி போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். மகள் மலர்கொடி ஓசூரில். என் வீட்டுக்குக் கூப்பிட்டால், "நீங்க குடும்பமா இருப்பீங்க" என்று நழுவிவிடுவார். ஒரு சாயங்காலம், "காலைலேர்ந்து வாயே தொறக்கலப்பா" என்று சாதாரணமாகச் சொன்னார். ரீலை வாங்கிவிட்டால் திங்கட்கிழமை ஏது?

ஐந்தாவது வாரம் சகாயராஜ் நல்லெண்ணத்தில் காரியத்தைக் கெடுத்தார். "உங்களுக்குன்னே வரவழைச்சேண்ணே. கிராஃபைட் பாடி. மத்த எல்லாத்தையும்விட கனமும் கம்மி, விலையும் கம்மி."

அண்ணன் வாங்கிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. வாங்கினார். திரும்பும்போது டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தை விற்றுவிட்டு வருகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தாராம். அதே பஸ்ஸில் வந்த என் மனைவி ரேணுகா சொன்னாள்.

உப்பளத்திலிருந்து வந்ததும் சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவாமல் அவர் வீட்டுக்குள் நுழைந்ததே இல்லை. உப்பு இரும்பை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாதா? ஆனால் ரீலை மட்டும் கழியிலிருந்து கொண்டுவந்து, ஈரத்தோடு, ஆணியில் மாட்டினார். நாள் தவறாமல் மாட்டினார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மாதம் முடிவதற்குள் ரீல் கறகறவென்று கத்தியது. அண்ணன் சட்டையை இஸ்திரி போட்டார். நானும் கிளம்பினேன்.

சகாயராஜ் ரீலின் திருகாணியைக் கழற்றினார். உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்து, பேரிங் சிவந்திருந்தது.

"பாடி துருப்பிடிக்காதுண்ணே, பேரிங் பிடிக்குமே. நல்ல தண்ணில கழுவலையா?"

"கழுவணுமா? தெரியாதேப்பா" என்றார் அண்ணன்.

சகாயராஜ் ரீலைப் பார்த்தார், காய்ப்பேறிய அந்த உப்பளத்துக் கைகளைப் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கண்ணே. வச்சிட்டுப் போங்க, அடுத்த திங்கக்கெழம வாங்க. கழுவறது எப்படின்னு நான் சொல்லித் தர்றேன். ஒரே நாள்ல வராது அது."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார். "கை எப்படி இருக்குதுண்ணே?" என்று கேட்டார் சகாயராஜ்.