ஏரிக்கரை வெட்டுக்கிளிகள்

எங்கள் வீட்டில் அந்தப் பச்சோந்திக்கு நடந்த உபசாரம் மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்குக்கூட நடந்திருக்காது. பாகூர் பக்கம் கரும்பு வெட்டப் போன இடத்திலிருந்து அப்பா அதைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். பின்னங்கால் ஒன்று நசுங்கியிருந்தது. கால் தேறியதும் விட்டுவிடலாம் என்றார். தேறிப் பல நாளாகியும் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அதை வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்பதும் எங்களுக்குத் தெரியாது. எனக்கு அப்போது ஒன்பது வயது. தம்பி கைக்குழந்தை.

மணல் நிரப்பிய வாளியில் ஒரு கொய்யாக் கிளையை நட்டு, மேலே பழைய கொசுவலையைப் போர்த்தியிருந்தோம். பூச்சி பிடிப்பது என் வேலை. எது ஆகும், எது ஆகாது என்று பார்ப்பது அப்பாவின் வேலை. சாயங்காலம் குளித்துவிட்டு வந்து என் பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து உட்காருவார். கம்பளிப்பூச்சியைத் தூக்கி எறிவார். எருக்கஞ்செடியில் மஞ்சளும் நீலமுமாக உட்கார்ந்திருக்கும் வெட்டுக்கிளி பார்க்க அழகு, உள்ளே போனால் விஷம் என்பார். ஓடு கெட்டியான வண்டு செரிக்காது. அதன் தலையைவிடப் பெரியது தொண்டையில் சிக்கும். மிஞ்சிய இரண்டு மூன்று பச்சை வெட்டுக்கிளிகளுக்கும் முள்ளுள்ள பின்னங்காலைக் கிள்ளிவிட்டு விரல் நுனியில் பிடித்து நீட்டுவார். கண் இமைப்பதற்குள் நாக்கு வந்து போய்விடும். தனக்கு ஒருநாளாவது அரிசியில் கல் பொறுக்கித் தந்ததுண்டா என்று அம்மா கேட்பாள். அப்பா சிரிப்பார்.

கரும்பு வெட்டு இல்லாத நாட்களில் அவர் மருந்தடிக்கப் போவார். டேங்கை முதுகில் மாட்டி, துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு, யார் கூப்பிட்டாலும் போவார். அதனால் எனக்கு ஒரே ஒரு கட்டளைதான்.

"மருந்தடிச்ச கொல்லைல மட்டும் புடிக்காதடி. ஏரிக்கரைக்குப் போ."

ஏரிக்கரை தூரம். அங்கே வெட்டுக்கிளிகள் லேசில் அகப்படாது. அந்தச் சனிக்கிழமை எனக்குக் கோகோ ஆடப் போக அவசரம். வீட்டுக்குப் பின்னால் இருந்த கத்தரிக் கொல்லையில் அப்பா காலையில்தான் மருந்து அடித்திருந்தார். எட்டிப் பார்த்தேன். இலைகளின்மேல் வெட்டுக்கிளிகள் துள்ளாமல் உட்கார்ந்திருந்தன. கை நீட்டினால்கூட நகரவில்லை. பூப் பறிப்பதுபோல எடுத்து டப்பாவில் போட்டேன்.

அன்றைக்கு அப்பா எதையும் எறியவில்லை. எல்லாமே நல்ல பச்சை, எல்லாமே சரியான அளவு. நான் தேர்ந்துவிட்டதாகச் சொல்லி, ஒவ்வொன்றாக அவரே ஊட்டினார்.

காலையில் பச்சோந்தி கிளையில் இல்லை. கறுத்துப்போய் மணலில் கிடந்தது. கால்கள் எதையோ பிடிக்கப் பார்ப்பதுபோல நடுங்கின. அப்பா அதை உள்ளங்கையில் ஏந்தி, வாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது.

"எங்கடி புட்ச்ச?" என்று கேட்டார்.

"ஏரிக்கரைல."

"கொல்ல பக்கம் போவல இல்ல?"

"போவலப்பா."

என்னை ஒரு நொடி பார்த்தார். நம்பிவிட்டார். பிறகு தன் விரல்களை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். போர் குழாயடியில் போய் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கழுவினார். புளி கேட்டு வாங்கித் தேய்த்தார். மறுபடி முகர்ந்தார். மறுபடி கழுவினார்.

சாப்பிட்டு முடிக்கும்போது கடைசி வாயை எனக்கு ஊட்டுவது அவர் வழக்கம். அன்றிலிருந்து ஊட்டவில்லை. தம்பியையும் தூக்குவதில்லை. அம்மா தூக்கிக் காட்டினால் தள்ளி நின்று பார்ப்பார். பொய் எப்படியோ தெரிந்துவிட்டது, என்மேல் கோபம், அதனால்தான் தம்பியிடமும் சிடுசிடுப்பு என்று நான் பயந்துகொண்டிருந்தேன். திட்டினால் அழுது தீர்த்துவிடலாம். அவர் திட்டவே இல்லை.

"புள்ளயத் தூக்குனா இன்னா கொறஞ்சா பூடும்?" என்று அம்மா ஒருநாள் சண்டைக்கு நின்றாள்.

"கை சரியில்லம்மே" என்றார் அப்பா.

மருந்து டேங்க் தூக்கித் தூக்கிக் கை வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தன் கையில் ஊறிய விஷம்தான் அந்த உயிரைக் கொன்றது என்று அவர் முடிவு செய்துவிட்டதும், அந்த முடிவை அவருக்குக் கொடுத்தது என் ஒரு வார்த்தை என்பதும் விளங்க எனக்கு எத்தனையோ வருடம் ஆயிற்று. நான் கல்லூரியில் படிக்கும்போதே அப்பா போய்விட்டார். விளங்கியபோது போய்ச் சொல்ல ஆள் இல்லை.

தம்பி நடை பழகிய நாட்களில் ஒரு மாலை. அப்பா வேலை முடிந்து வந்து நின்றார். தம்பி சுவரை விட்டுவிட்டு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, தத்தித் தத்தி அவரிடம் போனான். அப்பா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓர் அடி பின்னால் போனார். தம்பி இன்னும் கிட்டே போனான். அவர் சிரித்துக்கொண்டே இன்னோர் அடி பின்னால் போனார். விளையாட்டுக் காட்டுகிறார், கோபமெல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைத்து நானும் கைதட்டிச் சிரித்தேன்.