தோளில் தூக்கிய தீயணைப்புக்காரர்

பர்மாவில், போட்டாதாங் படகுத்துறையில் மூட்டை அடுக்கிலிருந்து ஒரு சுமைதூக்கும் தொழிலாளி மல்லாந்து விழுகிறார். ஆம்புலன்ஸில் வந்து இறங்குவது தீயணைப்புக்காரர்கள். முதுகில் அடிபட்டவரை, எரியும் வீட்டிலிருந்து மீட்பதுபோல் ஒருவர் தோளில் தூக்கிப் போடுகிறார். அடிபட்டவர் அலறுகிறார்.

“எங்க ஊர் மில்லுல பலகையில படுக்கவச்சுத்தான் தூக்குவோம். வைத்தியம் படிச்ச ஆளை அனுப்ப மாட்டாங்களா?” ஊரிலிருந்து வந்திருக்கும் நான், தமிழ் பேசும் டீக்கடைக்காரர் காசிமிடம் சீறுகிறேன்.

“இவங்களாச்சும் வாராங்க, அண்ணே. இல்லாட்டி சைக்கிள் ரிக்‌ஷாதான்.”

“அதுக்காக? இங்க நெருப்பா புடிச்சிருக்கு?”

“என்கிட்ட கத்துறீங்களே, அவங்ககிட்ட வந்து சொல்லுங்க. நான் பர்மாப் பாஷையில எடுத்துச் சொல்றேன்.”

அத்தனை கோபத்திலும், அந்நியர் முன்னால் போகாமல் கடையோரமே நின்றுகொள்கிறேன். வண்டியின் கதவைச் சாத்துகிறார்கள். உள்ளே அந்த மனிதர் கத்துவதைக் காசிம் தமிழில் சொல்கிறார்:

“கால் இருக்கிறதே தெரியலையாம்.”