பொன்முடிப் பாறையில் நான் போட்ட ‘மு’

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதக் கற்று ஆறு மாதம்தான் ஆகிறது. நான் தாளில் மெதுவாக எழுதித் தருகிறேன், மகள் போட்டோ பிடித்து இதில் போடுகிறாள்.

இன்று மாப்பிள்ளையோடு பொன்முடிக்குப் போனேன். உச்சியில் ஒரு பக்கம் மலைக்குப் பின்னால் மலை. மறுபக்கம் வெகுதூரத்தில் கடல், வெள்ளைக் கோடாக.

நின்று பார்க்க ஒரு பாறையில் கை வைத்தேன். பாறை முழுக்கப் பெயர்கள். தமிழில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். குமார், ரேவதி, நடுவில் ஓர் இதயம். சேகர், கீழே போன் நம்பர். நான் ஆசையாகக் கற்ற எழுத்தை இதற்கா பயன்படுத்துகிறார்கள்?

“கண்றாவி,” என்றேன்.

மாப்பிள்ளை சிரித்தார். “மாமா, இப்ப எழுதப் படிச்சாச்சு அல்லே? நீங்களும் ஒரு பேரு போடுங்க. நூறு வருசம் கிடக்கும்.” வண்டிச் சாவியை என் கையில் வைத்தார்.

“சும்மா இரும் மாப்ளே.”

அவர் டீ வாங்கப் போனார். சாவி என்னிடமே இருந்தது. என் பெயரை இத்தனை காலமும் யாரோ எழுத, பக்கத்தில் கைநாட்டு வைத்தவன் நான்.

‘மு’ என்று கீறிவிட்டேன். அழகாகத்தான் விழுந்தது. உடனே என் மேலேயே அருவருப்பு வந்தது. எச்சில் தொட்டுத் தேய்த்தேன், போகவில்லை.

அடுத்த வாரம் மறுபடி போகிறேன். பாறைக் கீறலை அழிக்க வழி தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள். முழுப் பெயரையும் எழுதி முடித்துவிடுங்கள் என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். அந்த யோசனை எனக்கே வந்துவிட்டது.