தாழ்ப்பாளுக்கு வெளியே நின்றவள்

என் மேசையில் காகிதங்கள் பறக்காமலிருக்க ஒரு பழைய இரும்புத் தாழ்ப்பாளை வைத்திருந்தேன். ஒரு சாண் நீளம். பச்சைப் பெயிண்ட் பாதிக்கு மேல் உரிந்துவிட்டது. தச்சநல்லூர்ப் பக்கம் நான் முதல்வராக இருக்கும் இந்த நர்சிங் கல்லூரிக்கு வருகிறவர்கள் அதைக் கையில் எடுத்துப் புரட்டிவிட்டு, "பழைய வீட்டு ஞாபகமா மேடம்?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிடுவேன். உண்மையைச் சொன்னால் என் மானம் போகும். போன வாரம் நடந்ததற்குப் பிறகு, போனால் போகட்டும் என்று தோன்றுகிறது.

முப்பது வருஷத்துக்கு மேல் இருக்கும். திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டுக்கு நான் பொறுப்பு சிஸ்டர். கட்டில்கள் நிறைந்து, கட்டில்களுக்கு நடுவே பாய்கள் நிறைந்து, வராந்தாவிலும் ஆட்கள் படுத்திருப்பார்கள். நர்ஸ் என்று பார்த்தால் நானும் இன்னொருத்தியும். அப்படியானால் வேலையை யார் செய்தது? அதே வளாகத்தில் இருந்த நர்சிங் பள்ளி மாணவிகள். வார்டில் கை போதவில்லை என்றால் ஆயாவிடம் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து அனுப்புவோம். 'இரண்டு பிள்ளைகளை அனுப்பவும்', அவ்வளவுதான். பாடம் பாதியில் நிற்க, இரண்டு பேர் எழுந்து வருவார்கள். பெட்பேன் கழுவுவது முதல் ஊசி போடுவது வரை எல்லாம் அவர்கள் தலையில்.

இதில் தப்பு இருப்பதாக எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. நாங்களும் அப்படித்தானே படித்தோம்? இடுப்பில் எந்த இடத்தில் நரம்பு ஓடுகிறது என்று புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே நான் எத்தனையோ பேருக்கு இடுப்பில் ஊசி போட்டிருந்தேன். சைவ வீட்டுப் பெண் கண்டவர்களின் மலஜலம் எடுப்பதா என்று என் சித்தப்பா ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. அவரை எதிர்த்துக்கொண்டு வந்தவள் என்று எனக்கு நெஞ்சு நிறையத் திமிர் உண்டு. ஆனால் வீட்டில் காட்டிய திமிரை ஆஸ்பத்திரி வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டேன் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. டாக்டர் உள்ளே வந்தால் எழுந்து நிற்போம். மேட்ரன் சொன்னால் செய்வோம். ஏன் என்று கேட்பது எங்கள் படிப்பிலேயே கிடையாது.

அந்த நேரத்தில்தான் பள்ளிக்குப் புதிதாக டியூட்டரம்மா வந்தார். முக்கூடல்காரர். அம்மா பீடி சுற்றி வளர்த்த பிள்ளை. வெளியூரில் போய் நர்சிங்கில் பட்டப்படிப்பு முடித்தவர். என்னைவிட நான்கு வயது சின்னவர். ஒட்டடைக் குச்சி மாதிரி உடம்பு. முதல் வாரம் சீட்டோடு வந்த ஆயாக்களைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வாரம் ஆசாரியைக் கூட்டி வந்து வகுப்பறைக் கதவுக்கு உள்பக்கமாக ஒரு தாழ்ப்பாள் போட்டார். மணி இரண்டு அடித்ததும் தாழ் விழும். ஆயா தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுச் சீட்டோடு திரும்பி வருவாள்.

மூன்றாம் நாள் நானே போனேன். போய்க் கதவைத் தட்டினேன் என்று சொன்னால் குறைத்துச் சொல்வதாகும். உள்ளங்கை சிவக்க அறைந்தேன்.

"டியூட்டரம்மா, கதவத் தொறங்க! அங்கன அஞ்சு பேருக்கு ஊசி போடணும். ஆளில்ல."

"மூணே முக்காலுக்கு வகுப்பு முடியும் சிஸ்டர். முடிஞ்சதும் அனுப்புதேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவசரமே இல்லாத குரல்.

"அதுக்குள்ள ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நீங்களா பதில் சொல்லுவிய?"

"ஆளில்லன்னு எழுதிக் கேளுங்க சிஸ்டர். நானும் கையெழுத்துப் போடுதேன்."

எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி முடியாது. எழுதிக் கேட்பதா? பிள்ளைகளை வைத்து ஒப்பேற்றும்வரை எங்கள் வார்டில் ஆள் குறைவு என்று எந்தக் காகிதத்திலும் இருக்காது. காகிதத்தில் இல்லாத குறையை யார் தீர்க்கப்போகிறார்கள்? டியூட்டரம்மா ஒற்றை வரியில் சொன்னது அதைத்தான். எனக்குப் புரியவில்லை. நேரே மேட்ரனிடம் போய், "நேத்து வந்தவ நம்மள வெளிய நிறுத்துதா" என்று முறையிட்டேன். மறுநாள் காலையில் அதே ஆசாரி வந்து தாழ்ப்பாளைக் கழற்றினார். கழற்றியதைக் கொண்டுவந்து, "சிஸ்டர், இத என்ன செய்ய?" என்று என்னிடமே கேட்டார். கேட்டு வாங்கிய வெற்றி அல்லவா? வாங்கி வார்டு மேசை டிராயரில் போட்டுக்கொண்டேன்.

அன்றைக்கு மத்தியானமே போய்க் கதவைத் தள்ளினேன். டியூட்டரம்மா கரும்பலகை முன்னால் நின்றார். ஒரு கையில் வெந்நீர்ப் பை, இன்னொரு கையில் துணி. யார் என்று பார்க்காமல் முன் பெஞ்சில் இருந்த முதல் வருஷப் பெண்ணைக் கூப்பிட்டேன். "அவ இந்தப் பாடம் இன்னும் படிக்கல சிஸ்டர்" என்றார் டியூட்டரம்மா. "அங்கன வந்து செய்து கத்துக்கிடட்டும்" என்றேன். அந்தப் பெண் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் பின்னால் வந்தாள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து சேர்ந்திருந்த ஒரு சர்க்கரை நோயாளி அன்று கால் சில்லிட்டுக் கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். "வெந்நீர்ப் பை வச்சு விடுட்டி" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு நான் வேறு கட்டிலுக்குப் போய்விட்டேன். வைத்துவிட்டாள். துணி சுற்றாமல் வைத்துவிட்டாள். சர்க்கரையில் மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது என்பதும், அதனாலேயே கையை வைத்துப் பார்த்து, துணியைச் சுற்றி, பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்பதும் அவள் எழுந்து வந்த பாடத்தின் மீதிப் பாதியில் இருந்தது. சாயங்காலம் நான் போய்ப் பார்க்கும்போது இரண்டு பாதங்களிலும் கொப்புளம். அந்த அம்மாளுக்கு வலிகூடத் தெரியவில்லை. "என்னம்மா, இப்பம் தேவலைதான்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்க முடியாது.

விசாரணை வைத்தார்கள். மாணவியின் கவனக்குறைவு என்று நான் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பிக் கதையை முடித்துவிடலாம். எல்லோரும் அந்த வரிக்காகக் காத்திருந்தார்கள். டியூட்டரம்மா மட்டும் வகுப்பு வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். வந்த நாளிலிருந்து நாங்கள் அனுப்பிய சீட்டுகளை அந்தந்தத் தேதியின் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தார். பாதிக்கு மேல் என் கையெழுத்து. கடைசி நாளுக்குச் சீட்டு இல்லை. 'பாடம்: வெப்ப ஒத்தடம். பாதியில் அழைக்கப்பட்டாள்' என்று மட்டும் இருந்தது. யார் அழைத்தது என்று எழுதவில்லை. அந்த இடத்தை எனக்காக விட்டுவைத்திருந்தார்.

பேனாவைத் திறந்தேன். எழுதினேன். 'அழைத்தவள் நான். பாடம் முடியவில்லை என்று சொல்லியும் அழைத்தேன். வார்டில் ஆள் இல்லை. ஆள் வேண்டும்.' கடைசி இரண்டு வாக்கியங்களை எழுதிய பிறகுதான் பேனாவை மூடினேன். சொன்ன சொல் மாறாமல் டியூட்டரம்மாவும் கீழே கையெழுத்துப் போட்டார்.

எனக்கு மெமோவும் தண்டனையும் வந்தன. நியாயம்தான். அந்தப் பெண் படிப்பைத் தொடர்ந்தாள். அந்த அம்மாளின் புண் ஆற மாதக்கணக்கானது; தினமும் நானே கட்டுப் போட்டேன், அதனால் என் தப்பு ஒன்றும் குறைந்துவிடவில்லை. டியூட்டரம்மா மறுநாளிலிருந்து கதவைச் சாத்தி, அதையொட்டி நாற்காலியைப் போட்டு, முதுகைக் கதவில் சாய்த்து உட்கார்ந்தபடியே பாடம் நடத்தினார். அந்த ஒட்டடைக் குச்சியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போக ஒரு டாக்டருக்கும் தைரியம் வரவில்லை. அந்த வருஷம் பிள்ளைகள் எல்லோரும் தேறினார்கள். அவரை எங்கோ மாற்றினார்கள். நான் நாற்பது வயதில் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்து பட்டம் படித்தேன், அதற்கு மேலும் படித்தேன். எந்த வகுப்பிலிருந்தும் பாதியில் எழுந்து வரவில்லை.

இப்போது எல்லாம் மாறிவிட்டது என்று மேடையில் பேசுகிறார்கள். பட்டப்படிப்பு, ஆராய்ச்சிப் படிப்பு, கண்ணாடிக் கதவு போட்ட ஆய்வகம். வருஷா வருஷம் உறுதிமொழி விழாவில் பிள்ளைகள் கையில் விளக்கைக் கொடுத்து, சேவை, தியாகம் என்று கண்ணீர் வரப் பேசுகிறார்கள். போன வாரம் எங்கள் கல்லூரி முதலாளி அண்ணாச்சி என் அறைக்கு வந்தார். கல்லூரியோடு சேர்ந்த ஆஸ்பத்திரியும் அவருடையதுதான். அங்கே நர்ஸுகள் பலர் ஒரே சமயத்தில் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார்கள்.

"ரெண்டாம் வருசப் பிள்ளைகள ஒரு மாசம் வார்டுக்கு அனுப்பி வைங்க மேடம். வகுப்ப பைய வச்சிக்கிடலாம். அங்கன செய்து கத்துக்கிடட்டுமே" என்றார்.

நான் சொன்ன அதே வாக்கியம். முப்பது வருஷம் கழித்து, குளிரூட்டிய அறையில், என் முகத்தைப் பார்த்து.

"ஆளில்லன்னு எழுதிக் குடுங்க அண்ணாச்சி. நானும் கையெழுத்துப் போடுதேன்" என்றேன். அவர் மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்களுக்கும் வயசாயிட்டுல்லா மேடம், யோசிச்சுச் சொல்லுங்க" என்று எழுந்து போனார். அதன் அர்த்தம் எனக்குப் புரியாமலில்லை. வேலை போகும் என்றால் போகட்டும். யோசிக்க எதுவுமில்லை.

இன்றைக்குக் காலையில் ஆசாரியை வரச்சொன்னேன். மேசை மேலிருந்த தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டு, இரண்டாம் வருஷ வகுப்பறைக் கதவில் உள்பக்கமாக முடுக்கிக் கொடுத்தார். மணி இரண்டுக்கு நானே தாழைப் போட்டுவிட்டு, போன வருஷம் படித்த வெந்நீர்ப் பைப் பாடத்தைத் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். பாதியில் யாரோ தட்டினார்கள். பிறகு அறைந்தார்கள். பிள்ளைகள் என் முகத்தையே பார்த்தார்கள். வெளியே நிற்கிறவருக்கு எவ்வளவு கோபம் வரும், உள்ளங்கை எப்போது வலிக்க ஆரம்பிக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

"மூணே முக்காலுக்கு வகுப்பு முடியும்" என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வெந்நீர்ப் பையைத் துணியால் சுற்றினேன்.