ஆம்புலன்ஸுக்கு ஒரு ஜன்னல்

பதினாலு வருஷம் அந்த மலை ரோட்டுல போயிட்டு வந்திருக்கேன், ஒரு மரத்தைக்கூட பார்த்ததில்ல. சொன்னா சிரிப்பாங்க. தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில நான் அட்டெண்டன். எங்க வீட்டுக்காரர் அதே ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸுக்கு டிரைவர். அவர் முன்னால, நான் பின்னால, நடுவுல ஒரு தகரச் சுவர். பின்பக்கத்துக் கண்ணாடியில எல்லாம் வெள்ளை பெயிண்ட் அடிச்சிருந்தாங்க, உள்ள படுத்திருக்கறவங்களை ரோட்டுல போறவன் வேடிக்கை பார்க்கக் கூடாதுன்னு. நியாயம்தான். ஆனா உள்ள உக்காந்திருக்கறவளுக்கும் கண்ணு இருக்குன்னு ஒருத்தனும் யோசிக்கல.

வண்டிக்குள்ள ஒரு ஓரமா பெஞ்சு, அது என் எடம். எதிர்ல ஸ்ட்ரெச்சர். சாதாரண கேஸுன்னா தானா ராத்தா வரைக்கும் போவோம். பெரிய கேஸுன்னா மலை எறங்கி தாப்பா, அதையும் தாண்டி ஈப்போ. அந்த ரோட்டு வளைவெல்லாம் எனக்கு முதுகும் இடுப்பும் சொல்லித்தான் தெரியும். ஒரு வளைவுல பெஞ்சை விட்டு நழுவுவேன், இன்னொண்ணுல தலை போயி தகரத்துல இடிக்கும். திரும்பி வர்றப்பவும் எனக்குப் பின்னாலதான். முன் சீட்டுல மருந்து கட்டற டிரசர் உக்காந்திருப்பார், இல்லேன்னா நோயாளி வீட்டு ஆம்பளை யாராச்சும். நான் துணியை மடிச்சு வச்சிட்டு அந்த ஸ்ட்ரெச்சர்லயே சாஞ்சு தூங்கிடுவேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிடறப்ப அவர் கதை சொல்வார். இன்னைக்கு அருவியில ரெண்டு மடங்கு தண்ணி, அடியில வானவில் நின்னுச்சு. கரண்டுக் கம்பிமேல குரங்கு குடும்பத்தோட உக்காந்து நம்ம வண்டிக்கு சலாம் வச்சுச்சு. இப்படி தெனமும் ஒண்ணு. நான் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே கேட்டுக்கிட்டிருப்பேன், வயிறு எரியும். ஒரே வண்டி, ஒரே ரோடு, அவருக்கு வானவில், எனக்கு வாந்தி. உள்ளதைச் சொல்றேன், கட்டின புருஷன் ரோடு பார்த்ததுக்குப் பொறாமைப்பட்டவ எங்க லயத்துல நான் ஒருத்திதான்.

நடுச் சுவர்ல சின்னதா ஒரு தொறப்பு உண்டு, ஆனா ஓடற வண்டியில அதுல வாய் வச்சுக் கத்தினாத்தான் அவருக்குக் கேக்கும், நோயாளி முன்னால கத்த முடியாது. அதனால நடுச் சுவர்ல தட்டுவேன். ஒரு தட்டுன்னா குலுங்குது, மெதுவா போங்க. ரெண்டு தட்டுன்னா வேகமாப் போங்க. மூணு தட்டுன்னா இனிமே அவசரம் இல்ல, உசிரு போயிருச்சு. மூணு கேட்டதும் அவர் சைரனை நிறுத்திடுவார், வண்டி நடக்கற மாதிரி போகும். ஆஸ்பத்திரி வாசல்ல நின்னதுக்கப்புறம் பின்கதவை நான்தான் உள்ளேருந்து தொறக்கணும், அவர் தொடமாட்டார். அப்படித்தான்னு யாரும் பேசி வைக்கல, பழகிப் போச்சு. மூணு தட்டைப் பத்தி வீட்டுல நாங்க ஒரு நாளும் வாய் தொறந்ததில்ல.

எண்பதுகள்ல ஒரு வருஷம் தோட்டத்துக்குப் புது ஆம்புலன்ஸ் வந்துச்சு. அந்த வருஷமே எங்க ரெண்டு பேருக்கும் வேலை முடிஞ்சுது. பழைய வண்டி ஆபீசுக்குப் பின்னால லாலாங் புல்லுல கெடந்துச்சு. அதை எங்களுக்கே கொடுத்துடுங்கன்னு தோட்டத்து மேனேஜர் துரைகிட்ட கேட்டது எங்க வீட்டுக்காரர்னுதான் எல்லாரும் நெனைச்சாங்க. கேட்டவ நான். படுக்கை, அடுப்பு, அலமாரி எல்லாம் வச்சு, கடக்கரை வரைக்கும் போயி வண்டியிலயே தங்கி வரணும்னு எனக்கு ஆசை. வெள்ளைக்காரங்க அந்த மாதிரி வண்டியில மலைக்கு வர்றதைப் பார்த்திருக்கேன். வண்டியில தூங்கறதுக்கு அவங்க வந்தா எனக்குச் சொல்லித் தரணும்?

என் நாத்தனார் வந்து வண்டியைப் பார்த்துட்டு மூஞ்சியைச் சுளிச்சா. எத்தனை உசிரு போன வண்டி, இதுல போயா நீ படுக்கப் போறேன்னு கேட்டா. போனவங்க எல்லாரையும் எனக்குத் தெரியும், கடைசியா அவங்க கையைப் புடிச்சவ நான், என்னை ஒண்ணும் பண்ணமாட்டாங்கன்னு சொன்னேன்.

எங்க வீட்டுக்காரருக்குக் கை வேலை நல்லா வரும், அதை மறைக்க முடியாது. தேயிலை ஏத்தற பழைய பலகைப் பெட்டியைப் பிரிச்சு அலமாரி அடிச்சார். ஸ்ட்ரெச்சர் நிக்கற தண்டவாளத்தைப் புடுங்காம அதுமேலயே பலகையைப் போட்டு மெத்தையை வச்சார். இழுத்தா கட்டில், தள்ளினா சோபா. குளுக்கோஸ் பாட்டில் மாட்டற கொக்கியில நான் வெங்காயப் பையை மாட்டினேன். பினாயில் வாடை மட்டும் போவேனான்னு நின்னுச்சு. பாக்டரியில கூட்டித் தள்ளற தேயிலைத் தூளை வாங்கிட்டு வந்து தரை முழுக்கப் பரப்பி, ஒரு வாரம் கதவைச் சாத்தி வச்சேன், வாடை ஓடிப் போச்சு. வெளியில பச்சை பெயிண்ட், லயத்துக் கதவுக்கு அடிச்சதுல மீந்தது.

ஜன்னல்லதான் சண்டை. பெஞ்சுக்கு எதிர்ல, ஸ்ட்ரெச்சருக்கு மேல தகரத்தை வெட்டி எனக்கு ஒரு பெரிய ஜன்னல் வேணும்னேன். வெட்டினா வண்டி பாடி ஆடிப்போகும்னார். பழைய கண்ணாடியில வெள்ளை பெயிண்டைச் சுரண்டித் தர்றேன்னார். அது என்ன, தபால் பெட்டி வாய் மாதிரி ஒசரத்துல இருக்கு, அதுல நான் ஆகாசத்தையா பார்க்கறதுன்னேன். அப்ப முன்னால வந்து எம்பக்கத்துல உக்காரு, தொல்லை விட்டுச்சுன்னார். அவர் சொன்னது சரிதான். ஆனா எனக்கு அது வேணாம். எந்த பெஞ்சுல உக்காந்து ஒண்ணையும் பார்க்கலையோ அதே பெஞ்சுல உக்காந்து எல்லாத்தையும் பார்க்கணும். புடிவாதம்னா புடிவாதம்தான்.

ரெண்டு நாள் நானும் பேசல, அவரும் பேசல. மூணாம் நாள் கம்போங் ராஜாவுல ஒரு சீன முதலாளி, தவுக்கே பட்டறைக்குப் போயி, பழைய பஸ்ஸுல இருந்து கழட்டின ஜன்னலைத் தோள்ல தூக்கிட்டு வந்தார். அதுலயும் ஒரு சண்டை. அவர் நின்ன உசரத்துக்குக் கோடு போட்டு வச்சிருந்தார். நான் சாக்கட்டியைப் புடுங்கி, பெஞ்சுல உக்காந்து, என் கண்ணுக்கு நேரா வேற கோடு போட்டேன். இவ்வளவு தாழ்வா எவனாவது ஜன்னல் வைப்பானான்னு முணுமுணுத்துக்கிட்டே வெட்டினார். நடுச் சுவர்ல இருந்த சின்னத் தொறப்பையும் அலமாரி வச்சு மூடிட்டார், இனிமே அது எதுக்குன்னு. எனக்கும் அப்ப ஒண்ணும் தோணல.

காலையில வெயில் வர்றதுக்குள்ள கெளம்பினோம். கொழுந்து எடுத்துக்கிட்டிருந்த பொம்பளைங்க வண்டிச் சத்தம் கேட்டதும் பழக்கத்துல கையை நிறுத்தி நிமிர்ந்தாங்க. ஜன்னல்ல என் தலையைப் பார்த்ததும் சிரிச்சாங்க. நான் ராணி மாதிரி கையாட்டினேன்.

கோலா தெர்லாவுல காய்கறி லோரிங்க வரிசையா நின்னுச்சு. தானா ராத்தா ஆஸ்பத்திரியை மொத தடவையா நோயாளி இல்லாம தாண்டினோம். அதுக்கப்புறம் ஏரி, மூங்கில் காடு, ரோட்டோரத்துல பெத்தாய்க் காய் வித்துக்கிட்டிருந்த காட்டுவாசி அஸ்லி ஆளுங்க. என்னைப் பெஞ்சை விட்டு நழுவ வைக்கிற வளைவு வந்துச்சு. அது ஒரு பெரிய பாறையைச் சுத்திக்கிட்டுப் போகுதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அடப்பாவி, நீதானான்னு வாய்விட்டே சொன்னேன்.

அப்புறம் அருவி. மரத்தை விலக்கிக்கிட்டு ஒரே வெள்ளையா எறங்கி வந்துச்சு, ரோட்டுக்குப் பக்கத்துலயே. அவர் சொன்னதைவிடப் பெருசு. எழுந்து நிறுத்துங்க நிறுத்துங்கன்னு நடுச் சுவர்ல தட்டினேன். எத்தனை தட்டுனேன்னு எண்ணிக்கிட்டா தட்டுவாங்க?

வண்டி நிக்கல. மெதுவாச்சு. நடக்கற மாதிரி போகுது, அருவி நழுவிப் பின்னால போகுது, நான் கத்தறேன், தண்ணிச் சத்தத்துல என் கத்தல் எங்க கேக்கும். கொஞ்ச தூரம் போயி ஓரத்துல நின்னுச்சு. வந்து கதவைத் தொறப்பார், நாலு கேள்வி கேக்கணும்னு காத்திருந்தேன். கதவு தொறக்கல. நானே தொறந்தேன். தொப்பியைக் கையில புடிச்சுக்கிட்டு கதவுக்கு முன்னால நின்னார். மூஞ்சியில ரத்தமே இல்ல.

அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது, நான் தட்டினது மூணு.

"ஏங்க, உள்ள இருக்கறதே நான் ஒருத்திதான்," னேன். "நான் செத்துட்டா தட்டறது யாரு?"

அவர் சிரிக்கல. என் தோளைத் தொட்டுப் பார்த்தார், கையைத் தொட்டுப் பார்த்தார். மூணு தட்டு கேட்டா கண்ணுக்கு முன்னால இருக்கற ரோட்டைத் தவிர வேற ஒண்ணும் தெரியறதில்ல, யோசனையே ஓடறதில்லன்னார். சரி, அருவியையாவது பார்த்தீங்களா, அதுக்குத்தான் தட்டினேன்னு கேட்டேன்.

"எந்த அருவி?" ன்னார்.

வானவில் நிக்கற அருவி, நீங்கதானே தெனமும் சொல்வீங்கன்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

"நான் எங்க பார்த்தேன். கண்ணு ரோட்டுல இருக்கும், காது உன் கையில இருக்கும். வீட்டுக்கு வர்றப்ப வாடிப்போன உன் மூஞ்சியைப் பார்க்க முடியாது. சிரிக்க வைக்கணுமேன்னு ஏதாச்சும் சொல்லுவேன்லா."

பதினாலு வருஷம் வயிறு எரிஞ்சேனே, அந்த எரிச்சல் அத்தனைக்கும் வெக்கமா போச்சு. பின்னால இருந்த எனக்காவது புடிச்சுக்க ஒரு கை இருந்துச்சு. முன்னால அவர் தனியா, அடுத்த தட்டு எத்தனையோன்னு கேட்டுக்கிட்டே அத்தனை வளைவையும் ஓட்டியிருக்கார். எனக்கு அழுகை வந்துச்சு. அழுதா அவரும் அழுவார்னு, வண்டியை ரிவர்ஸ் எடுங்கன்னு அதட்டினேன்.

பின்னாலயே போயி, அருவிக்கு நேரா ஜன்னல் வர்ற மாதிரி நிறுத்தினார். பின்னால ஏறி வாங்கன்னு கூப்பிட்டேன். கழுவவும் வெட்டவும் அடிக்கவும் ஏறியிருக்காரே தவிர, அந்த பெஞ்சுல அவர் உக்காந்ததே இல்ல. எம்பக்கத்துல உக்காந்தார். ஆள் ஒசரம், குனிஞ்சுதான் பார்க்க முடிஞ்சுது. ரொம்ப நேரம் குனிஞ்சே இருந்தார்.

"ஜன்னல் சரியான எடத்துலதான் இருக்கு," ன்னார்.

வானவில் இல்ல. எங்க உங்க வானவில்லுன்னு கேட்டேன். வெயில் ஏறினா வந்தாலும் வரும்னார். அடுப்பைப் பத்த வச்சு டீ போட்டுக் குடிச்சுக்கிட்டு, அது வர்ற வரைக்கும் அங்கேயே உக்காந்திருந்தோம்.